மாலையைக் கழற்றியதும் மறுபடி குடி... துணைக்கு எங்கே போவேன்?

காசிமேட்டிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வயது 43. மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகளுக்கு எஞ்சின் வேலை பார்க்கிறார். இருபது வயதில் தொடங்கிய குடி. நடுவில் இரண்டு முறை சபரிமலைக்கு மாலை போட்டு, 48 நாளும் ஒரு சொட்டுகூடத் தொடாமல் இருந்திருக்கிறார். மாலையைக் கழற்றிய வாரமே பழையபடி. போன வருடம், பிள்ளைகளுக்காக யாரிடமும் சொல்லாமல் வீட்டிலேயே குடியை நிறுத்தினார். இரண்டாம் நாள் இரவு வலிப்பு வந்தது. மறுநாள், சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று கையால் தட்டிக்கொண்டே இருந்தாராம். அரசு மருத்துவமனையில் சேர்த்துக் காப்பாற்றினார்கள். அதன்பின் ஐந்து மாதம் நல்லபடியாகப் போனது. போன மாதம் ஒரு படகின் எஞ்சின் வேலை முடிந்த அன்று, ஓனர் கூலியோடு ஒரு குவார்ட்டரையும் கையில் வைத்தார். அன்றும் மறுநாளும் குடித்தார். அதற்குப் பிறகு தொடவில்லை, ஆனால் வீட்டில் நிம்மதி போய்விட்டது.

"என் மனைவி சாப்பாட்டில் கலக்க ஏதோ பொடி வாங்கி வைத்திருக்கிறாள். மச்சான், ஊருக்கு வெளியே ஒரு மையத்தில் மூன்று மாதம் போட்டுவிடுவேன் என்கிறார். அவர்களே வண்டியில் வந்து தூக்கிக்கொண்டு போவார்களாம். ஏஏ கூட்டம் என்று ஒன்று இருப்பதாக வார்டில் பக்கத்து பெட்காரர் சொன்னார். ஆனால் நல்ல கூட்டமெல்லாம் அடையாறு பக்கம்தான் என்கிறார்கள். எங்கள் ஏரியாவில் போனால் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள். சர்ச்சில்தான் நடக்குமாம், நான் சாமி கும்பிடுகிறவன். ரோட்டில் விழுந்து கிடக்கிற அளவுக்கு நான் மோசமும் இல்லை. மாலை போட்டால் 48 நாள் இருக்கிறேனே, மனசு வைத்தால் முடியாதா? இல்லை, இப்படித் தவறிய பிறகு என்னை யார் சேர்த்துக்கொள்வார்கள்?"

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். சேர்த்துக்கொள்வார்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ, தன் உறுப்பினருக்கு வைத்திருக்கும் நிபந்தனை ஒன்றே ஒன்று: குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். நிறுத்தியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கட்டணம் கிடையாது, விண்ணப்பம் கிடையாது, முகவரி கேட்க மாட்டார்கள். அந்த அமைப்பு 1935-ல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகளால் தொடங்கியது. ஒருவர் பங்குச்சந்தையில் இருந்தவர், இன்னொருவர் அறுவைசிகிச்சை மருத்துவர். முதலாமவர் குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. போன காரியம் தோற்று, தெரியாத ஊரில், ஓட்டல் வரவேற்பறையில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் பார். அந்த நேரத்தில் அவர் தேடியது இன்னொரு குடிகாரரை, அதுவும் பேசுவதற்கு. நாலைந்து பேருக்கு போன் போட்டுத்தான் அந்த மருத்துவரைக் கண்டுபிடித்தார். அந்த மருத்துவரும் அதன்பிறகு ஒருமுறை வெளியூர் மாநாட்டுக்குப் போன இடத்தில் தவறிவிட்டுத்தான் திரும்பி வந்தார். அமைப்பைத் தொடங்கியவரே சறுக்கி எழுந்தவர் என்னும்போது உங்கள் இரண்டு நாளைப் பார்த்து அங்கே யாரும் முகம் சுளிக்கப்போவதில்லை.

அடுத்து மாலை விஷயம். அந்த 48 நாட்களை, உங்களுக்கு வியாதி இல்லை என்பதற்குச் சாட்சியாக நீங்கள் வைக்கிறீர்கள். நான் அதை வேறு மாதிரிப் பார்க்கிறேன். அந்த நாட்களில் உங்களிடம் என்னென்ன இருந்தன என்று யோசியுங்கள். விடியற்காலையில் குளியல். சாயங்காலமானால் பஜனை. கறுப்பு வேட்டியைப் பார்த்ததும் யாரும் சரக்கு நீட்டவில்லை. கடைக்காரர்கூட 'சாமி' என்றுதான் கூப்பிட்டிருப்பார். சந்தேகம் வந்தால் கேட்க ஒரு குருசாமி. கூடவே அதே விரதத்தில் பத்துப் பேர். இத்தனையும் சேர்ந்து உங்களைத் தாங்கின. மாலையைக் கழற்றிய அன்று இவை எல்லாம் ஒரே நாளில் போய்விட்டன, நீங்கள் மட்டும் தனியாக நின்றீர்கள். மனசு வைத்தால் முடியாதா என்று கேட்கிறீர்கள். மனசு வைத்தீர்கள், சகோதரரே. மனசைத் தாங்க ஆள் இல்லாமல் போனதுதான் நடந்தது. ஆதரவுக் குழு என்பது அந்தச் சாயங்காலக் கூட்டமும் குருசாமியும் 48-ஆம் நாளோடு முடியாமல் தொடர்வது. அங்கே 'ஸ்பான்சர்' என்பார்கள்: உங்களுக்கு முன்னால் குடியை விட்ட ஒருவர், ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிட்டாலும் போனை எடுப்பவர்.

ரோட்டில் விழுந்து கிடந்தால்தான் வியாதி என்பதும் சரியில்லை. குடியை நிறுத்தியதும் வலிப்பும், இல்லாத பூச்சி கண்ணுக்குத் தெரிவதும் வருகிறதென்றால், உடம்பு மதுவுக்கு முழுக்கப் பழகி அதைச் சார்ந்துவிட்டது என்று அர்த்தம். வேலைக்குப் போகிற, பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டுகிற எத்தனையோ பேருக்கு இந்த நிலை உண்டு. இதை எழுதுவது உங்களைக் குறை சொல்ல அல்ல. 'கொஞ்சமாக, பீர் மட்டும்' என்று நண்பர்கள் சொல்லும் வழி உங்களுக்கு இனி இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான்.

கூட்டத்தை எப்படித் தேடுவது

அடையாறு பக்கம்தான் நல்ல கூட்டம் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அங்கிருக்கும் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு மையத்தை, அதாவது டி.டி.கே. ஆஸ்பத்திரியை மனதில் வைத்துச் சொல்கிறார்கள். 1980-ல் தொடங்கப்பட்ட, நல்ல பெயர் எடுத்த சிகிச்சை மையம் அது. ஆனால் உங்களுக்கு இப்போது வேண்டியது வாரத்தில் இரண்டு மூன்று நாள் போய் உட்காரக்கூடிய இடம். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய கூட்டத்துக்கு முதல் மாதம் போவீர்கள், மழை வந்தால் நின்றுவிடும். உங்களைக் காப்பாற்றப்போகும் கூட்டம், உங்களுக்கு நாக்கு வறளும் நேரத்தில் நீங்கள் போய்ச் சேரக்கூடிய கூட்டம். டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. நீங்கள் வேலை முடித்துக் கிளம்புவது ஆறு, ஆறரை. ஆபத்தான நேரம் அதிலிருந்து எட்டரை வரைக்கும்தான். அந்த நேரத்தில் நடக்கும் கூட்டமாகப் பாருங்கள்.

தேடும் வழி இது. ஏஏ இந்தியாவின் இணையதளத்தில் ஊர் வாரியாகக் கூட்டங்களின் பட்டியலும் உதவி எண்களும் உண்டு. உங்கள் மகனிடம் போனில் எடுத்துத் தரச் சொல்லலாம்; அவனிடம் சொல்லச் சங்கடமாக இருந்தால் நீங்களே உதவி எண்ணில் பேசலாம். எடுப்பவரும் குடியை விட்டவராகவே இருப்பார். 'தண்டையார்பேட்டை, ராயபுரம், வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர், பெரம்பூர் பக்கம் சாயங்காலத்தில், தமிழில் நடக்கும் கூட்டம் எங்கே?' என்று இப்படியே கேளுங்கள். ஏரியா, நேரம், மொழி மூன்றையும் சொல்லிக் கேட்டால்தான் உங்களுக்கு உதவுகிற பதில் வரும். கூட்டங்கள் இடமும் நேரமும் மாறுவது உண்டு, அதனால் கிளம்பும் அன்று ஒருமுறை பேசிவிடுங்கள். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416, அதில் தமிழிலேயே பேசலாம். இரண்டும் இலவசம். நீங்கள் சேர்ந்திருந்த ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளரைக் கேட்டாலும் சொல்வார். வார்டுக்கே ஏஏ உறுப்பினர்கள் வந்து பேசுவது பல இடங்களில் வழக்கம்.

ஒரு கூட்டத்துக்கு ஒருமுறை போய்விட்டு 'எனக்கு ஒத்துவரவில்லை' என்று முடிவு கட்டாதீர்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு குணம் இருக்கும். ஒன்றில் வயதானவர்கள் அதிகம், இன்னொன்றில் பேச்சே ஆங்கிலமும் தமிழும் கலந்து ஓடும். மெட்ரோ விம்கோ நகர் வரை வந்துவிட்டதால் டோல்கேட், தேரடிப் பக்கம் போவதும் இப்போது சுலபம். மூன்று நான்கு இடம் பார்த்துவிட்டு, எந்த அறையில் உங்களைப் போல வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்களோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் என்ன நடக்கும்

ஒரு சாதாரண அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், டீ. ஒருவர் நடத்துவார், சில பக்கங்கள் வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராகப் பெயரைச் சொல்லி, 'நான் ஒரு குடிநோயாளி' என்று தொடங்கித் தன் கதையைச் சொல்வார்கள். நடுவில் யாரும் மறித்துப் பேச மாட்டார்கள், புத்தி சொல்ல மாட்டார்கள். உங்கள் முறை வந்தால் 'இன்று கேட்க வந்தேன்' என்று சொல்லிவிட்டு உட்காரலாம். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கடைசியில் பை ஒன்று சுற்றி வரும். வாடகைக்கும் டீக்கும் உறுப்பினர்களே போடும் காசு அது. புதிதாக வந்தவர் போட வேண்டியதில்லை. வெளியாரிடம் ஏஏ நன்கொடை வாங்குவதில்லை.

முடிந்ததும் ஓடி வந்துவிடாதீர்கள். கலையும்போது வாசலில் நின்று பேசும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் போன் நம்பர் கைமாறும். 'தினமும் சாயங்காலம் ஒரு போன் பண்ணு' என்று யாராவது சொல்வார். பண்ணுங்கள்.

சர்ச் பற்றிய பயத்துக்கு: பல கூட்டங்கள் சர்ச்சின் அறையிலோ பள்ளிக்கூடத்திலோ நடப்பது உண்மை, சும்மாவோ குறைந்த வாடகைக்கோ இடம் கிடைப்பதால். ஏஏ எந்த மதத்தையும் சேர்ந்ததல்ல. குடியை விட்டு வாழ அது காட்டும் வழிமுறையான 12 படிகளில் கடவுள் என்ற சொல் வரும். 'நாம் புரிந்துகொண்டபடி' என்ற சொற்களும் கூடவே வரும். நீங்கள் ஐயப்பனை நினைத்துக்கொள்ளலாம். பக்கத்து நாற்காலிக்காரர் அல்லாவையோ மாதாவையோ நினைப்பார், சாமியே இல்லை என்பவரும் இருப்பார்.

தெரிந்தவர் பார்த்துவிட்டால்

உங்கள் ஏரியாவில் உள்ள கூட்டத்தில் தெரிந்த முகம் ஒன்று இருக்கக்கூடும், மறுக்கவில்லை. ஆனால் அவர் எதற்காக அங்கே வந்திருக்கிறார்? உங்கள் ரகசியம் அவரிடம் இருந்தால் அவருடையது உங்களிடம் இருக்கிறது. அங்கே பார்த்ததையும் கேட்டதையும் வெளியே பேசுவதில்லை என்பது அவர்களுடைய அடிப்படை வழக்கம். 'மூடிய கூட்டம்' என்று கேட்டுப் போனால் குடிநோயாளிகள் மட்டுமே இருப்பார்கள். திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தாரும் வரலாம். மனம் கசக்கும்படி ஒன்று சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்: நீங்கள் குடித்த இருபது வருடமும் தெருவுக்குத் தெரியும். விட்டது தெரிவதற்கா கூச்சம்?

குழு மட்டும் போதுமா

போதாது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-ல் 27 ஆய்வுகளைச் சேர்த்து அலசியது. ஏஏ-யில் சேர்ந்து தொடரும்படி முறையாக வழிநடத்தப்பட்டவர்கள், மற்ற உளவியல் சிகிச்சை பெற்றவர்களுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ குடிக்காமல் இருந்தார்கள் என்பது அதன் முடிவு. எனக்கு அதில் முழு நம்பிக்கை உண்டு. ஆனால் வலிப்பு வந்த உடம்புக்கு மருத்துவரும் வேண்டும். குடி வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. ஈரல், சிறுநீரகப் பரிசோதனை பார்த்துவிட்டு உங்களுக்கு எது பொருந்தும் என்று மருத்துவர் முடிவு செய்வார். உங்களுக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. அயனாவரத்தில், கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி என்று எல்லோரும் சொல்லும் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. காலையில் புறநோயாளிச் சீட்டு வாங்கினால் போதும். கூட்டத்தில் யாராவது 'மாத்திரை எதற்கு, நிறுத்திவிடு' என்று சொன்னால் கேட்காதீர்கள். மருந்து விஷயத்தை மருத்துவரிடம் விடு என்பதுதான் ஏஏ-வின் நிலையும்.

அந்தப் பொடி

இதை உங்கள் மனைவியும் படிக்க வேண்டும். அம்மா, உங்கள் தவிப்பு புரிகிறது; எத்தனை இரவு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பீர்கள். ஆனாலும் அந்தப் பொட்டலத்தைக் கலக்காதீர்கள். இப்படி விற்கப்படும் பொடியில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. குடியை விட மருத்துவர்கள் தரும் டைசல்ஃபிராம் மாத்திரையைப் பொடித்துத் தருவதும் நடக்கிறது. அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும், உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை இருக்கும். அதனால்தான் நோயாளிக்கு விளக்கி, அவர் சம்மதம் வாங்கி, இதயத்தையும் ஈரலையும் சோதித்த பிறகே மருத்துவர்கள் கொடுக்கிறோம். உங்கள் கணவரே கேட்டு, மருத்துவர் எழுதி, தினமும் உங்கள் கண்முன் விழுங்கினால் அது நல்ல மருந்து. ரகசியமாகக் கலந்தால் விஷம்.

உங்களுக்கும் ஒரு கூட்டம் இருக்கிறது: குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கான அல்-அனான். 1951 முதல் இயங்கும் அமைப்பு, சென்னையிலும் நடக்கிறது. ஏஏ உதவி எண்ணில் கேட்டாலே வழி சொல்வார்கள். கணவர் போனாலும் போகாவிட்டாலும் நீங்கள் போகலாம். அவர் குடித்துவிட்டுக் கைநீட்டும் நாள் வந்தால் 181-ல் பெண்கள் உதவி மையத்தைக் கூப்பிடுங்கள். குடிநோய் என்பதற்காக அடியைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மச்சான் சொல்லும் மையம்

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் வண்டியில் வந்து தூக்கிக்கொண்டு போவது சட்டப்படி செல்லாது. மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, மதுவால் வரும் மனநலப் பாதிப்புகளையும் தன் வரம்புக்குள் வைத்திருக்கிறது. உங்கள் சம்மதம் இல்லாமல் சேர்க்க வேண்டுமானால், உங்கள் நியமனப் பிரதிநிதி, அதாவது சிகிச்சை விஷயத்தில் உங்கள் சார்பில் நிற்பவர், விண்ணப்பிக்க வேண்டும். ஒரு மனநல மருத்துவர் உட்பட இரண்டு பேர் உங்களைத் தனித்தனியாகப் பரிசோதித்து, உங்களுக்கோ பிறருக்கோ ஆபத்து என்பது போன்ற காரணங்களைப் பதிவு செய்ய வேண்டும். அப்போதும் முதலில் 30 நாள் வரைதான். நினைத்தபடி மூன்று மாதம் அடைத்து வைக்க முடியாது. எந்த வடிவத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் கேட்டுப் பார்க்க உங்கள் குடும்பம் தயங்க வேண்டாம்.

இன்னொன்று, இந்த வாரமே செய்யக்கூடியது. 'என் மனநலச் சிகிச்சை விஷயத்தில் என் நியமனப் பிரதிநிதி இன்னார்' என்று வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடலாம், சட்டம் அதை ஏற்கிறது. நீங்கள் முழுமையாக நம்புகிறவர் யாரோ அவர் பெயரை எழுதுங்கள். அதற்காக, உள்நோயாளியாகச் சேர்வதையே வேண்டாம் என்று வைத்துவிடாதீர்கள். மறுபடி தொடர்ந்து குடிக்கும் நிலை வந்தால் நீங்களாகவே சம்மதித்து அரசு மருத்துவமனையில் சேர்வதுதான் பாதுகாப்பு. 2025-ல் தமிழக அரசு தொடங்கிய 'கலங்கரை' போதை மீட்பு மையங்களும் இதற்காகத்தான்.

கூலியோடு வரும் குவார்ட்டர்

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது இதுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மற்றவர்களுக்கு வேலை இல்லாத அந்த நாட்களில்தான் உங்களுக்கு வேலை குவியும். படகுகள் பழுது பார்க்க நிற்கும், ஒவ்வொரு எஞ்சினும் முடியும்போது ஒரு பார்ட்டி. அதற்குள் குழு உங்களுக்குப் பழகியிருக்க வேண்டும். ஓனர்களிடம் வேலையை ஒத்துக்கொள்ளும் அன்றே சொல்லிவிடுங்கள்: 'அண்ணே, டாக்டர் கண்டிப்பா நிறுத்தச் சொல்லிட்டார். எனக்கு அது வேணாம், காசா குடுத்துடுங்க.' கூலியை ஜிபேயில் மனைவியின் எண்ணுக்கே அனுப்பச் சொன்னால் இன்னும் நல்லது. எஞ்சின் முடியும் நாளை முன்கூட்டியே ஸ்பான்சரிடம் சொல்லி வையுங்கள், அன்று சாயங்காலம் நேராகக் கூட்டத்துக்குப் போங்கள். போகும் முன் வயிறார ஏதாவது சாப்பிடுங்கள். பசியும் களைப்பும் சேர்ந்தால் கால் தானாகக் கடைப் பக்கம் திரும்பும்.

அப்படியும் தவறினால், அன்றைக்கே ஸ்பான்சருக்குப் போன் பண்ணுங்கள், மறுநாள் கூட்டத்துக்குப் போங்கள். ஒளித்தது உங்களை எங்கே கொண்டுவந்து நிறுத்தியது என்று பார்த்தீர்கள்தானே. ஆனால் நாலைந்து நாள் தொடர்ந்து குடித்துவிட்டால் மட்டும் வீட்டில் தனியாக நிறுத்த முயலாதீர்கள். ஒருமுறை வலிப்பு வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். கடைசிக் குடிக்குப் பின் முதல் இரண்டு நாளில் வலிப்பும், இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் மனக்குழப்பமும் வரலாம். கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கியதுமே ஆஸ்பத்திரிக்குப் போய், 'முன்னால் வலிப்பு வந்திருக்கிறது' என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வைட்டமின் பி1 ஊசியும் நடுக்கத்துக்கான மருந்தும் நேரத்தோடு கிடைத்தால் போன வருடம் பட்ட பாடு மறுபடி வராது. வலிப்போ, ஆள் அடையாளம் தெரியாத குழப்பமோ வந்துவிட்டால் 108-ஐக் கூப்பிட வேண்டும் என்று மனைவியிடமும் மகனிடமும் இன்றே சொல்லி வையுங்கள்.